சனிக்கிழமைக் கோளாறு

“ஓட மாட்டேங்குதுடா” என்றாள் சித்தி.

கரண்டில் ஓடும் தையல் மெஷினைத்தான் சொன்னாள். காலால் பெடலை மிதித்துக் காட்டினாள். சத்தமே இல்லை. ஊசி இருந்த இடத்திலேயே நின்றது. அதன் கீழே பஸ் டிரைவரின் யூனிஃபார்ம் பேண்ட், ஒரு கால் தைத்தும் ஒரு கால் தைக்காமலும் கிடந்தது.

“அஞ்சு மணிக்கு வந்துடுவார். ஆறு மணிக்கு டியூட்டியாம். இன்னொரு பேண்ட் ஈரமாக் கிடக்காம். கொஞ்சம் பாரேன், இன்ஜினியர்.”

அந்த வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். ஊரை விட்டுக் கிளம்பி வந்து, சித்தி வீட்டுப் பின்னறையில் தங்கி, காலேஜில் எலக்ட்ரானிக் இன்ஜினியரிங் டெக்னாலஜி படிக்க ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஆனால் அவன் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே சித்தி, துணி தைக்க வருகிறவர்கள் அத்தனை பேரிடமும் “எங்க வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் வந்தாச்சு” என்று சொல்லி முடித்திருந்தாள்.

இன்ஜினியருக்கு வருகிற திங்கட்கிழமை மறுபரீட்சை.

கோளாறு கண்டுபிடிக்கிற பிராக்டிகல் பரீட்சை அது. நன்றாக வேலை செய்யும் சர்க்யூட் போர்டில் வாத்தியாரே வேண்டுமென்று ஒரு சின்னக் கோளாறை ஒளித்து வைத்துக் கொடுப்பார். இருபது நிமிஷத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். போன மாதம் அவனுக்குக் கிடைத்த போர்டில் ஒரே ஒரு வயர் கழன்றிருந்தது. அவன் பதற்றத்தில், நல்ல நிலையில் இருந்த பதினொரு பாகங்களைப் பிடுங்கி மேஜையில் வரிசையாக அடுக்கிவிட்டான்.

வாத்தியார் வந்து பார்த்தார். “நான் வெச்சது ஒரு கோளாறுதான். மீதி பதினொண்ணும் உன் சொந்த முயற்சி” என்றார். பிறகு நூறாவது தடவையாகச் சொன்னார்: “முதல்ல கண்ணு. அப்புறம் மீட்டர். கடைசியிலதான் ஸ்க்ரூ டிரைவர்.”

திங்கட்கிழமையும் கோட்டைவிட்டால் இந்த செமஸ்டரையே முதலிலிருந்து படிக்க வேண்டும். இந்த விஷயம் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். “சித்திகிட்ட மூச்சு விடாதம்மா” என்று போனில் கெஞ்சியிருந்தான். “நான் எதுக்குடா சொல்லப்போறேன்” என்று அம்மா சத்தியமே செய்திருந்தாள்.

“என்னடா, நின்னுக்கிட்டே இருக்கே?” என்றாள் சித்தி.

“இல்ல சித்தி, யோசிக்கறேன்.”

“நல்லா யோசி. அவசரமில்ல. ஒரு இருபது நிமிஷம் எடுத்துக்க.” சொல்லிவிட்டு டீ டம்ளரோடு ஸ்டூலில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அந்தக் கடிகாரத்துக்கு இப்போது கண்ணாடி கிடையாது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை அது நின்றுபோனது. இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றினான், உடைத்தான், முட்களைக் கழற்றினான், கடைசியில் பார்த்தால் பேட்டரி தலைகீழாக இருந்தது. போன சனிக்கிழமை டேபிள் லாம்ப். அதற்குப் புது சுவிட்ச் போட்டு, புது வயர் போட்டு, இரண்டாலும் பயனில்லாமல் போன பிறகுதான் பல்பை யாரும் சரியாகத் திருகவில்லை என்பது தெரிந்தது.

சோபாவில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா தலையைத் திருப்பாமலே சொன்னார்:

“ஒண்ணு கவனிச்சியா? இவன் வந்த நேரமோ என்னவோ, கொஞ்ச நாளா இந்த வீட்ல சனிக்கிழமையானா ஏதாவது ஒண்ணு படுத்துக்குது.”

“நீங்ககூடத்தான் சனிக்கிழமையானா படுத்துக்கறீங்க. நாங்க ஏதாவது சொன்னோமா?” என்றாள் சித்தி.

இன்ஜினியருக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ராசியைப் பற்றி அவனுக்கே சந்தேகம் வந்து இரண்டு வாரமாகிறது. சித்தி வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, மனசுக்குள் நினைக்காமலா இருப்பாள்? ஒருவேளை அடுத்த சனிக்கிழமை ஃபிரிட்ஜ் நின்றுபோனால், அவனைப் பெட்டியும் படுக்கையுமாக அனுப்பிவிடுவார்களோ?

முதலில் கண் என்று வாத்தியார் சொன்னது ஞாபகத்துக்கு வருவதற்குள் அவன் கையில் ஸ்க்ரூ டிரைவர் வந்துவிட்டது.

“பெடல்லதான் பிரச்சினை” என்று அறிவித்தான்.

“எப்படித் தெரியும்?”

“மிதிச்சா ஓடல. அப்போ மிதிக்கற இடத்துலதானே கோளாறு இருக்கணும்?”

சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு டீயைக் குடித்தாள்.

பெடலின் நாலு திருகையும் கழற்றி மூடியைத் தூக்கினான். உள்ளே அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங் எட்டு மாதமாக விடுதலைக்காகக் காத்திருந்ததைப் போல ‘டிங்’ என்று பறந்து, சித்தப்பாவின் காதை உரசிக்கொண்டு போய் எங்கேயோ விழுந்தது.

“யாருடா அது?” என்றார் சித்தப்பா.

“ஸ்பிரிங், சித்தப்பா.”

“அது பாட்டுக்குப் போகுதே!”

சோபாவை நகர்த்தினார்கள். சித்தப்பா எழுந்திருக்கவில்லை, ஆகவே அவரோடு சேர்த்தே நகர்த்தினார்கள். சோபாவுக்கு அடியில் ஒரு சீப்பு, மூன்று பட்டன், சித்தப்பா தொலைத்துவிட்டதாக ஊரெல்லாம் தேடிய மூக்குக் கண்ணாடி எல்லாம் கிடைத்தன. ஸ்பிரிங் கிடைக்கவில்லை.

இன்ஜினியர் சுற்றுமுற்றும் பார்த்தான். மேஜை மேல் சித்தப்பாவின் பேனா இருந்தது, மேலே அழுத்தினால் முனை வெளியே வருகிற ரகம். அதற்குள்ளும் ஒரு ஸ்பிரிங்தானே இருக்கிறது? கொஞ்சம் சின்னது. கொஞ்சம் மெலிசு. ஆனால் ஸ்பிரிங்.

அதைப் போட்டு பெடலை மூடினான். சித்தி வந்து மிதித்தாள். பெடல் சாதுவாகக் கீழே போனது. மெஷின் அசையவில்லை.

“அப்போ சுவர்ல இருக்கற பிளக் பாயிண்ட்லதான் கரண்ட் வரல” என்றான் இன்ஜினியர்.

“மீட்டர் வெச்சுப் பாக்கலாமில்ல?” என்றாள் சித்தி, தன் டம்ளரிடம் கேட்பது போல.

அவன் காதில் அது விழவில்லை. விடுவிடுவென்று போய் டிவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் மெஷினைச் செருகினான்.

“டேய்!” சித்தப்பா அலறினார். “கடைசி ரெண்டு நிமிஷம்டா! இப்பத்தான்டா பந்தை எடுத்துக்கிட்டு ஓடினான்!”

“ஒரே ஒரு செகண்ட், சித்தப்பா.”

“அதுக்குள்ள கோல் போட்டிருப்பான்டா!”

மெஷின் அங்கேயும் ஓடவில்லை. டிவியைத் திரும்பச் செருகியபோது அது எந்த மொழியில் பேச வேண்டும் என்று கேட்டது. சித்தப்பா அதற்கு ஏதோ பதில் சொன்னார், அது எந்த மொழியின் பட்டியலிலும் இருக்காது.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. பஸ் டிரைவர். மேலே யூனிஃபார்ம் சட்டை, பேட்ஜ், தொப்பி எல்லாம் கச்சிதம். கீழே அரை டிராயர்.

“கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன்” என்றார் கூச்சத்தோடு.

“உக்காருங்க. இன்ஜினியர் பாத்துக்கிட்டிருக்கார்” என்றாள் சித்தி.

டிரைவர் சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலின் மேல் தொப்பியை வைத்துக்கொண்டார். இப்போது அறையில் மூன்று ஜோடிக் கண்கள் அவனைப் பார்த்தன. இன்ஜினியருக்குக் காது சூடானது. பரீட்சை ஹாலில் வந்த அதே சூடு. கை தானாக மெஷினின் அடித்தட்டைக் கழற்றப் போயிற்று.

“பதினொண்ணு” என்றது மனசு.

அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். மெஷினை முன்னால் பார்த்தான், பக்கத்தில் பார்த்தான், குனிந்து பின்னால் பார்த்தான். வயர் உள்ளே நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில், விரலாலேயே திருகிக் கழற்றக்கூடிய ஒரு சின்ன மூடி. கழற்றினான். உள்ளேயிருந்து கண்ணாடிக் குழாய் ஒன்று கையில் விழுந்தது. நடுவில் கரி பிடித்துக் கறுத்திருந்தது. மீட்டரை வைத்தான். முள் அசையவே இல்லை.

“ஃபியூஸ்!” என்று கத்தினான். “ஃபியூஸ் போயிருக்கு, சித்தி!”

சித்தி ஸ்டூலை விட்டு எழுந்தேவிட்டாள். “கண்ணாலயே பாத்துக் கண்டுபிடிச்சியா?”

“ஆமா!”

சித்தி கடிகாரத்தைப் பார்த்தாள். “முப்பத்தஞ்சு நிமிஷம். போன வாரத்துக்குப் பரவாயில்ல” என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம், ஒரு பேண்ட்டுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பட்டது.

வெற்றி தலைக்கேறியதில் இன்ஜினியர் ஒரு காரியம் செய்தான். சித்தப்பாவின் பழைய ரேடியோவிலும் அதே அளவு ஃபியூஸ்தான். அதைக் கழற்றி மெஷினில் போட்டான். பிளக்கைச் செருகி சுவிட்சைத் தட்டினான்.

பேனா ஸ்பிரிங்கை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். சித்தி மிதித்தபோது கீழே போன பெடல் அப்புறம் மேலே வரவே இல்லை.

மெஷின் கர்ஜித்தது. யாரும் மிதிக்காமலே, இருக்கிற வேகத்திலேயே பெரிய வேகத்தில், பேண்ட்டை விழுங்க ஆரம்பித்தது. தைக்காத காலைத் தைத்தது. தைத்த காலையும் சேர்த்துத் தைத்தது. மேஜை விரிப்பின் ஒரு ஓரத்தை இழுத்துக்கொண்டது. சித்தப்பாவின் செய்தித்தாளில் முதல் பக்கம் உள்ளே போனது.

“நிறுத்துடா!”

“பிரேக் எங்கே இருக்கு?” என்று பஸ் டிரைவர் பாய்ந்து வந்தார்.

சித்தி அமைதியாக நடந்து போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

டிரைவர் தன் பேண்ட்டைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு காலும் ஒன்றாகி, கீழே மேஜை விரிப்பு வால் மாதிரி தொங்கியது. இடுப்புப் பக்கத்தில் நாளைய வானிலை தெரிந்தது.

“பஸ்ஸைக் குதிச்சுக் குதிச்சுத்தான் ஓட்டணும் போல” என்றார்.

சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார். டிரைவரும் சேர்ந்துகொண்டார். இன்ஜினியர் மட்டும் தரை பிளக்காதா என்று நின்றான்.

“மன்னிச்சுக்குங்க சித்தி. நான் வந்ததிலேர்ந்து...”

“போடா. கோளாறைக் கண்டுபிடிச்சே இல்ல? அது போதும். இதைப் பிரிக்க எனக்கு கால் மணி நேரம்.” சித்தி அதற்குள் கத்தரியோடு உட்கார்ந்துவிட்டாள். “நீ ஓடிப்போய் முனைக் கடையில பெடலுக்கு ஒரு ஸ்பிரிங் வாங்கிட்டு வா.”

“ரேடியோவுக்கு ஒரு ஃபியூஸும் வாங்கிட்டு வந்துடறேன்.”

“அது வேணாம். எங்கிட்ட ஒண்ணு இருக்கு.”

“எங்கே?”

“நூல்கண்டு டப்பாவில. போடா, மணி ஆகுது!”

“வரும்போது எனக்கு ஒரு பேனா!” என்றார் சித்தப்பா.

நூல்கண்டு டப்பாவில் ஃபியூஸ் எதற்கு என்று யோசிக்க நேரமில்லை. ஓடினான். முனைக் கடை, கைக்குட்டை அகலத்துக்கு ஒரு எலக்ட்ரிகல் சாமான் கடை. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இழுப்பறையைத் துழாவி ஸ்பிரிங் ஒன்றை எடுத்தார். காகிதத்தில் சுற்றியபடியே கேட்டார்:

“தையல்கார அம்மா வீட்டுப் பையன்தானே நீ? என்ன, ஃபியூஸைக் கண்டுபிடிச்சிட்டியா?”

இன்ஜினியர் திகைத்துப்போனான். “கண்டுபிடிச்சிட்டேன். ஆனா... அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பின்னே? இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன், எல்லாரும் நல்ல ஃபியூஸ்தான் கேட்டு வருவாங்க; உங்க சித்தி ஒருத்தங்கதான் நேத்து வந்து, ‘எரிஞ்சுபோனது ஒண்ணு இருந்தா குடுங்க, எங்க புள்ளைக்குத் திங்கக்கிழமை மறுபரீட்சை, கடிகாரம், லாம்ப் எல்லாம் கெடுத்துக் குடுத்துப் பாத்தாச்சு’ன்னு வாங்கிட்டுப் போனாங்க.”