அண்ணாச்சிக்கு நான் தேர்ந்தெடுத்த செஸ் மெஷின்

எனக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டு பொருளைக் காட்டி "எது தேவலை?" என்று யாராவது கேட்டால் போதும், ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்து கட்டம் போட ஆரம்பித்துவிடுவேன். மிக்ஸி, மின்விசிறி, மகளுக்குப் பார்த்த வரன்கள், எதுவும் தப்பியதில்லை. (ஒருமுறை கத்தரிக்காய்க்கும் போட்டேன். அதை விடுங்கள்.) இந்த வியாதி இளவயதில் முற்றிப்போய், தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் நாலு பேர் முன்னால் என் மானம் கப்பலேறியது.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்துநாலு வயது, உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எங்கள் செஸ் கிளப் மயிலாப்பூரில் ஒரு காபிப்பொடிக் கடையின் மாடியில் இருந்தது. கட்டடச் சொந்தக்காரர் தன் மகனைக் குடிவைக்கப்போவதாகச் சொல்லி, பொங்கலுக்குள் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். வேறு இடம் கிடைக்காவிட்டால் கிளப்பை இழுத்து மூட வேண்டியதுதான். மூடிவிட்டால் சாயங்காலம் நான் வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே அப்பா இருப்பார்.

அந்த நேரத்தில் கிடைத்தவர்தான் சுடலைமுத்து அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பாண்டிபஜார் அருகே ஜவுளிக்கடை வைத்தவர், சதுரங்கப் பைத்தியம். அவர் கடையின் மூன்றாம் மாடி சும்மாதான் கிடந்தது. கேட்கப் போனோம். தானாகவே செஸ் ஆடும் மெஷின் வெளிநாட்டில் வந்திருக்கிறதாமே, அதில் நல்லதாக ஒன்று பார்த்துச் சொல்லுங்கள், மாடியைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றுவிட்டார். கிளப் செயலாளர் சாரங்கன் மாமா வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தார்.

"நீ நன்னா பண்ணிட்டா நமக்கு மாடி. சொதப்பினியோ, அவாவா ஆத்துல உக்காந்துண்டு தனியா ஆடிக்க வேண்டியதுதான்."

அலைந்து திரிந்து விலைக்கு இருந்த இரண்டு மெஷின்களைக் கண்டுபிடித்தேன். ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்தது, மற்றது சிங்கப்பூரிலிருந்து. இரண்டையும் இரவல் வாங்கி ரிக்‌ஷாவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ரிக்‌ஷாக்காரர் பெட்டிகளை மடியில் வைத்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், டிரான்சிஸ்டரா?" என்றார். செஸ் ஆடும் யந்திரம், ஆளே வேண்டாம், தானாக ஆடும் என்று பெருமையாக விளக்கினேன். அவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே மிதித்தார். "அதுவே ஆடிக்கினு கீதுன்னா, நீ இன்னாத்துக்கு சார்?"

ஞானிகளுக்கு இப்படிக் கேள்விகள் வருவது சகஜம்.

மூன்று வாரம் சோதித்தேன். விலை: அமெரிக்க மெஷின் என் ஐந்து மாதச் சம்பளம், சிங்கப்பூர் மெஷின் மூன்று மாதம். வசதி: நம் ஆட்டத்தைப் பொத்தானில் அழுத்திச் சொன்னால், இரண்டும் தங்கள் ஆட்டத்தைச் சின்னத் திரையில் காட்டும். அமெரிக்காக்காரனுக்கு ஏழு நிலைகள் உண்டு. ஏழாம் நிலையில் வைத்தால் ஒரு காயை நகர்த்தவே அரைநாள் யோசிக்கும், ஆபீஸ் போய்விட்டு வந்து பதில் பார்க்கலாம். ஆனால் நம் கரண்டில் செருகினால் எரிந்துவிடும், அதற்கென்று செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். சிங்கப்பூர்க்காரன் பேட்டரியில் ஓடுவான், சட்டென்று ஆடுவான், சட்டென்று தோற்பான். ஆட்டத் திறமை: இரண்டோடும் பத்துப் பத்து ஆட்டம் ஆடினேன். அமெரிக்க மெஷினிடம் இரண்டில் தோற்றேன், சிங்கப்பூர் மெஷினிடம் ஒன்றில்கூட இல்லை. எல்லாவற்றையும் கட்டம் போட்டுச் சிவப்பு மசியில் அடிக்கோடிட்டு, 'அமெரிக்க மெஷினே சிறந்தது' என்று முடித்தேன். கீழே பெரிதாகக் கையெழுத்து வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடையின் மூன்றாம் மாடியில் வெள்ளோட்டம். அண்ணாச்சி, அவர் சம்சாரம், மச்சினர், கணக்குப்பிள்ளை, விற்பனைப் பெண்கள், எங்கள் கிளப் ஆட்கள் என்று கல்யாணக் கூட்டம். எல்லோர் கையிலும் ரோஸ்மில்க். அண்ணாச்சி நன்றாகத்தான் ஆடினார். இருபது நிமிஷத்தில் மெஷின் அவருடைய ராஜாவை மூலையில் நெருக்கியது. அவர் கலங்கவே இல்லை. மீசையைத் தடவிக்கொண்டு ராஜாவைத் தூக்கினார், குதிரையைப் போல ஒரே தாண்டாகத் தாண்டி மெஷினின் யானையை வெட்டிவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் கைதட்டியது. வழக்கம்போல அவர் ஆட்டத்தை நான் பொத்தானில் அழுத்தினேன்.

மெஷின் கீச்சென்று கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நம் ஊர் வீடுகளில் ஆடும் பழைய ஆட்டத்தில், ராஜாவுக்கு அதுவரை ஒரு செக்கும் விழாமலிருந்தால், ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவை குதிரைப்பாய்ச்சல் உண்டு. வெளிநாட்டு விதியில் அது கிடையாது. மூன்று வாரம் மெஷின்களைக் குடைந்தவன், அண்ணாச்சி எப்படி ஆடுவார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கிறேனா? இல்லை. அடப்பாவி, அதற்கு ஒரு கட்டம் போட்டிருக்கக் கூடாதா!

சமாளித்துவிடலாம் என்று நானே ஒரு பொத்தானை அழுத்தி ராஜாவைப் புது இடத்தில் வைக்கப் பார்த்தேன். அழுத்தியது அழிக்கும் பொத்தான். மெஷின் ஆட்டம் முழுவதையும் மறந்துவிட்டு, புது ஆட்டம் என்று நினைத்து, உற்சாகமாக முதல் சிப்பாயை நகர்த்தச் சொல்லித் திரையில் காட்டியது. ஓடிப்போய், மூலையில் வைத்திருந்த சிங்கப்பூர்க்காரனைக் கொண்டுவந்தேன். அவனும் ராஜாவைத் தாண்ட விடவில்லை. வியர்த்து வழிய, "அண்ணாச்சி, செஸ்ல அப்படி ஒரு ஆட்டமே கிடையாது" என்று உளறினேன்.

ரோஸ்மில்க் உறிஞ்சும் சத்தம் நின்றது.

"எங்கய்யா அப்படித்தான் ஆடுவாவ," என்றார் அண்ணாச்சி மெதுவாக. "அப்பம் அவிய ஆடுனது என்ன, பல்லாங்குழியா?"

சாரங்கன் மாமா கண்ணை மூடிக்கொண்டார். மாடி போயிற்று, கிளப் போயிற்று, எல்லாம் என்னால் என்று எனக்கு அழுகை முட்டியது. அண்ணாச்சி என் தாளைக் கேட்டு வாங்கினார். சேலை பார்டரைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்து வரிவரியாகப் படித்தார். ஆட்டத் திறமை என்ற வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, இது ரெண்டையும் நீங்க ஜெயிச்சிருக்கிய. ஒங்களுக்குக் கரண்டு வேண்டாம். ராஜா தாண்டுனா வெளக்கு எரியாது. பொறவு நான் எதுக்கு மெஷின் வாங்கணும்?"

முதலில் சிரித்தது அவர் சம்சாரம்தான். அப்புறம் மாடியே அதிர்ந்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், ஏனென்றால் அவர் அப்போதே சாவியை எடுத்து சாரங்கன் மாமா கையில் கொடுத்துவிட்டார். நிபந்தனை ஒன்றுதான்: ஞாயிறு காலை நான் வந்து அவரோடு ஆடவேண்டும், ராஜா தாண்டலாம்.

வருஷக்கணக்கில் ஆடினேன். தாண்டப்போகிறார் என்று தெரிந்தே ஆடியும் பாதி ஆட்டம் தோற்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு யாரிடமும் தோற்றதில்லை.

என் கல்யாணத்துக்கு அண்ணாச்சி குடும்பத்தோடு வந்தார். மேடையேறி, மாமனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இது நான் வாங்குன மெஷினு, பதனமா வச்சுக்கிடுங்க" என்றார். முழுக்கதையையும் பந்தியில் சொன்னார். அன்றிலிருந்து என் மனைவி வீட்டில் நான் மெஷின் மாப்பிள்ளை. போன மாதம் மனைவி வீட்டுப் பக்கத்துச் சின்னப் பையன் ஒருவன், இப்போது அவனுக்கே கல்யாணம், அடையாறில் எங்கள் வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்தான். உறையின் மேல் பயபக்தியோடு, அழகான கையெழுத்தில், 'திரு. மெஷின் அவர்கள், குடும்பத்துடன்' என்று எழுதியிருந்தான். கேலி இல்லை. அதுதான் என் பெயர் என்று நினைத்திருக்கிறான், பாவம்.