பத்து ரூபாய்க்கு முந்திய டிராக்டர்

கேம் விளையாடிக் கெட்டுப்போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேம் செய்து கெட்டுப்போனவன், சங்கராபுரம் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, வீட்டு மாடியில் உட்கார்ந்து மொபைல் கேம் ஒன்று செய்தேன். பெயர் ‘கரும்பு லோடு’. கரும்பை வெட்டி, டிராக்டரில் ஏற்றி, சர்க்கரை ஆலை வாசலில், விளையாடுகிற எல்லாரோடும் ஒரே வரிசையில் நின்று எடை போட வேண்டும். பின்னால் நீலமாகக் கல்வராயன் மலை தெரியும். (அம்மா அதைப் பார்த்துவிட்டு, “மாவு மூட்டைய ஏன்டா ரோட்டோரம் அடுக்கி வச்சிக்கீற?” என்று கேட்டார். என் ஓவியத் திறமை அவ்வளவுதான்.)

கேம் இலவசம். அப்புறம் வருமானம்? அங்கேதான் என் மூளையைக் காட்டினேன். வரிசையில் நிற்க நிற்க, வெயிலில் கரும்பு காய்ந்து எடை குறையும்படி வைத்தேன். பொறுக்க முடியாதவர்கள் ‘சீக்கிரம்’ என்ற பொத்தானை அழுத்திப் பத்து ரூபாய் கட்டினால், அவர்களுடைய டிராக்டர் எல்லாரையும் தாண்டி முதலில் போய் நிற்கும். பெரிய பெரிய கேமெல்லாம் இப்படித்தான் சம்பாதிக்கிறது என்று அப்பாவுக்கு விளக்கினேன். கரும்பு விவசாயியான அப்பா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் என் தங்கை செல்விக்குக் கள்ளக்குறிச்சி மண்டபத்தில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டாரும் கரும்புக்காரர்கள்தான். மண்டபம் நிறையச் சொந்தக்காரர்கள், எல்லார் கையிலும் போன், நல்ல நேரம் தொடங்க இன்னும் அவகாசம். இதைவிட நல்ல சந்தை கிடைக்குமா? நாற்காலி நாற்காலியாகப் போய் எல்லார் போனிலும் கேமை ஏற்றிவிட்டேன்.

தாய்மாமன் பலராமன் உடனே மூழ்கிவிட்டார். “டேய், நம்ம வண்டியாட்டமே கீதுடா!” எதிர்வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா கோதண்டமும் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நல்ல நேரம் வந்தது. தட்டு மாற்ற மாமாவைக் கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை.

“இருங்க, எனக்கு முன்னாடி ஒரு வண்டிதான் நிக்கிது.”

அந்த நேரம் பார்த்து ஒரு சிவப்பு டிராக்டர் பின்னாலிருந்து சர்ரென்று வந்து, மாமாவைத் தாண்டி நின்றது. ஓட்டுபவர் பெயர் டிராக்டர் தலைக்கு மேல் தெரியும். (அந்த வசதியையும் செய்து தொலைத்தது நான்தான்.) பெயர்: கோதண்டம்.

மாமா எழுந்துவிட்டார்.

“இன்னாங்க சம்பந்தி, நான் எம்மா நேரமா நின்னுக்கினு கீறேன். நீங்க பாட்டுக்குத் தாண்டிப் போறீங்க?”

“பத்து ரூபா கட்னேன், வழி வுட்டாங்க. இதுல இன்னாங்க தப்பு?”

“காசு குடுத்தா பூந்துடுவீங்களா? நெசத்துல ஒருநாளாவது அப்டி செஞ்சிருப்பமா? என் கரும்பு காஞ்சிக்கினு கீது!”

“கேமுக்குப் போயி இம்மாங் கோவமா?”

“கேமுலயே இப்டின்னா வூட்ல எப்டி? வரிசையில பூந்து போறவங்க வூட்டுக்கு எங்க பொண்ண அனுப்ப மாட்டோம்!”

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கொண்டுவந்த தட்டுகளைத் திரும்ப எடுக்க ஆரம்பித்தார்கள். நான் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால், என்னால் முடிந்த அளவு சிறிதாகி நின்றேன்.

மேடையிலிருந்து செல்வியின் குரல் கேட்டது. “மாமா, ஒரு நிமிஷம். அந்தப் பத்து ரூபா யாருக்குப் போச்சி?”

கோதண்டம் போனைத் தடவிப் பார்த்தார். “உங்க அண்ணன் பேருதாம்மா போட்டுக்கீது.”

“கரும்பக் காயவுட்டது அவன். காசு வாங்கினு வழி வுட்டதும் அவன். அவனக் கேளுங்க. என் கல்யாணத்த ஏன் நிறுத்துறீங்க?”

இரண்டு குடும்பங்கள் ஒரே குடும்பமாவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கேன்களுக்குப் பின்னாலிருந்து என்னை இழுத்தபோது ஒரு கையை மாமாவும் இன்னொரு கையைச் சம்பந்தியும் பிடித்திருந்தார்கள். “வெவசாயி வூட்ல பொறந்துக்கினு, கரும்பக் காயவுட்டுக் காசு கேக்குறியா?” என்றார் சம்பந்தி. “நல்லாக் கேளுங்க சம்பந்தி!” என்றார் மாமா. திட்டி முடித்த கையோடு இருவரும் சிரித்தபடியே போய்த் தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமா கூப்பிட்டனுப்பினார். இரண்டாம் சுற்றுத் திட்டு என்று நினைத்துக்கொண்டே போனேன்.

“வண்டிக்கு சீரியல் லைட்டு வைக்க முடியுமாடா? ரெண்டு ஸ்பீக்கர் பொட்டி? அதுக்கு வேணா காசு வாங்கிக்க.”

“அதனால எடை ஏறாது மாமா. வண்டியும் வேகமாப் போகாது.”

“வேகம் யாருக்குடா வேணும்? நிக்கிற நேரத்துல ஜோரா இருக்கணும்.”

“எனக்குப் பாட்டு ஹாரன்,” என்றார் சம்பந்தி.

மறுநாளே ‘சீக்கிரம்’ பொத்தானைப் பிடுங்கி எறிந்துவிட்டு, லைட்டும் ஹாரனும் வைத்தேன். வரிசையில் நிற்கிற டிராக்டர்களெல்லாம் திருவிழாத் தேர் மாதிரி ஆகிவிட்டன. ஒருவரும் ஒருவரையும் தாண்டவில்லை. ஒருவரும் குறை சொல்லவில்லை. வந்த வருமானம் என் டீச் செலவுக்குச் சரியாக இருந்ததால் நான் சென்னைக்கே திரும்பிவிட்டேன்.

இன்றும் செல்வி வீட்டு விசேஷங்களில் பந்தி போடும்போது, அவள் மாமனார் வாசலில் நின்று என்னிடம் மட்டும் கையை நீட்டுவார். “மொதல் பந்தின்னா பத்து ரூபா தம்பி.” வீடே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவேன். ஒரே ஒருமுறை ரோஷப்பட்டு, கொடுக்காமல் வரிசையில் நின்று பார்த்தேன். என் முறை வருவதற்குள் பாயசம் தீர்ந்துவிட்டது.