அடுப்பங்கரைச் சுவருக்கு நாற்பது வருடம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கு லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பவே கூடாது. (என்னைத்தான் சொல்கிறேன்.)

அணு உலைக் குழாய்களில் விழும் விரிசலைக் கணக்கிடும் மென்பொருள் எழுதுவது என் வேலை. விரிசலின் நீளம், ஆழம், உலோகம், அழுத்தம் எல்லாம் கொடுத்தால் குழாய் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று அது சொல்லும். சேர்ந்து எட்டு மாதம்தான். அதற்குள் உலகத்து விரிசலெல்லாம் எனக்கு அத்துப்படி என்ற நினைப்பு.

நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டு அடுப்பங்கரைச் சுவர் மண் சுவர். மாதா படத்துக்குக் கீழே நீளமாக ஒரு விரிசல். ஐப்பசி மழைக்கு முன் பிரித்துக் கட்ட அம்மா கொத்தனாரிடம் பேசி வைத்திருந்தார்.

"இன்னாத்துக்கும்மா பிரிக்கணும்? இரு, பாத்து சொல்றேன்" என்று லேப்டாப்பை அரிசி டிரம் மேல் வைத்தேன். விளக்குமாற்றுக் குச்சியை விரிசலுக்குள் விட்டு ஆழம் அளந்தேன். (அணு உலையில் இதற்கென்று கருவி உண்டு.) உலோகப் பட்டியலில் மண் இல்லை. அம்மாவின் சுவர்தானே, நல்லதாகவே இருக்கட்டும் என்று துருப்பிடிக்காத எஃகைத் தேர்ந்தெடுத்தேன். நாற்பது வருடம் என்று வந்தது.

"கொத்தனாரு ஒரு மழை தாங்காதுன்னாரேடா" என்றார் அம்மா.

"அவரு சும்மா பாத்துட்டு சொல்றாரு. இது கணக்கும்மா."

"தம்பி படிச்சிட்டு சொல்றான், வுடும்மா" என்றான் அண்ணன்.

அம்மா கொத்தனாருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். குரலில் பெருமை வேறு. "எம்புள்ள கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டானுங்க."

நான் சென்னைக்குத் திரும்பிய பதினோராம் நாள் காலை, மழையில், அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது சுவர் சரிந்து அவர் வலது தோளில் விழுந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். எலும்பில் மூன்று இடத்தில் விரிசல். அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். அம்மா முந்திக்கொண்டார்.

"இன்னாத்துக்குடா அழுதுக்கினு இருக்க? இத்தயும் உன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரு, எத்தினி வருசம் தாங்கும்னு."

டாக்டரே சிரித்துவிட்டார். அண்ணன் திட்ட வந்ததை விட்டுவிட்டுச் சிரித்தான். அதற்காகத்தான் அம்மா அதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். நாலு அறை வாங்கியிருந்தால் தேவலை.

எலும்பு கூடியது. கை மட்டும் தோளுக்கு மேல் எழவில்லை.

இன்றும் வீட்டில் தட்டில் கீறல் விழுந்தாலும் செருப்பு அறுந்தாலும் "தம்பிகிட்ட காட்டு, எத்தினி வருசம்னு சொல்லுவான்" என்பார்கள். எல்லோரையும் விட அம்மாதான் அதிகம் சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, தலை பின்னிவிட அண்ணியைக் கூப்பிடுவார்.