சம்பியன் அண்ணைக்கு வந்த கேள்வி

ரொறன்ரோவில் சம்பியன் அண்ணையிடம் அகப்படாத தமிழர் எவராவது இருந்தால், அவர் நேற்றுத்தான் வந்திறங்கியிருக்க வேண்டும். அதுவும் சந்தேகம். அண்ணைக்கு வேலை விமான நிலையத்தில்.

அவர் ஒருநாளும் யாரையும் குத்தியதில்லை. தடுப்பூசிக்கே மயங்கி விழுகிறவர். ஆனால் உலக ஹெவிவெயிட் பட்டம் எப்படித் தொடங்கியது என்பதை மட்டும் கரைத்துக் குடித்திருந்தார். சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் ஒரே கட்டடம். லிப்ற் பதினாறாம் மாடிக்குப் போய்ச்சேர முதல், வெறுங்கையால் எழுபது, எண்பது ரவுண்ட் அடிபட்ட காலத்தைச் சொல்லி முடித்துவிடுவார். ரூஜ் பக்கம் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குக் கூட்டிப்போனேன். கையுறை வந்தபிறகுதான் பட்டம் ஒழுங்குக்கு வந்தது என்று ஐயருக்கே விளக்கினார். ஐயர் விட்ட இடம் தெரியாமல் மந்திரத்தை முதலிலிருந்து தொடங்கினார்.

போன வருடம் எங்கள் ஊர்ச்சங்கம் பொது அறிவுப் போட்டி வைத்தது. அணியில் ஓர் ஆள் குறைந்ததால் வேறு வழியில்லாமல் அண்ணையைச் சேர்த்தேன். இரண்டு மணித்தியாலமும் அவரால் ஒரு புள்ளியும் வரவில்லை. கனடாவின் தலைநகரைக்கூட என்னிடம்தான் கேட்டார். கடைசிக் கேள்வி எங்களுக்கு. புள்ளிகள் சமன்.

போட்டியை நடத்திய ரீச்சர் அன்ரி வாசித்தார்: "முதலாவது உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சம்பியன் யார்?"

மண்டபமே எங்கள் மேசையைத் திரும்பிப் பார்த்தது. என் மனைவி கைதட்டத் தயாரானாள். அண்ணை எழுந்து, சேட்டுக் கொலரை இழுத்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

"வெறுங்கைக் காலத்தையோ கேக்கிறியள், கையுறைக் காலத்தையோ?"

அன்ரி கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரேயொரு பெயர்தான் இருந்தது, கையுறைக் காலத்தின் முதல் சம்பியன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆளுக்கொருவர் தானே உலகச் சம்பியன் என்று சொல்லித்திரிந்த கதையை அண்ணை ஆரம்பித்தார். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லுங்கோ என்று நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மணி அடித்தது. கேள்வி எதிரணிக்குப் போனது. அவர்களின் காதிலும் அண்ணை வருடக்கணக்காக ஓதியிருந்தார். டக்கென்று பெயரைச் சொல்லிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வரும்போது காரில் பொறுக்கமுடியாமல், அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாதோ என்று கத்திவிட்டேன். தெரியும் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"சொன்னா வெண்டிருப்பம், தம்பி. ஆனா அவருக்கு முந்தி வெறுங்கையோட நிண்டு அடிவாங்கின சனமெல்லாம் இல்லையெண்டு ஆகிடுமெல்லோ."

எனக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இந்த வருடப் போட்டிக்கான படிவத்தை நேற்று நிரப்பினேன். அணியில் முதல் பெயர் அவருடையது.