பாட்டுக்கு நடுவே ஒரு சுட்டுவிரல்

நம்மிடையே ரசிக்கவைப்பவர் என்றோர் இனம் உண்டு. நல்ல பாட்டு ஒன்று கையில் கிடைத்தால் கேட்டோம், மகிழ்ந்தோம் என்று இருக்க இவருக்குத் தெரியாது. நாலு பேரை வீட்டுக்கு வரவழைத்து, உட்காரவைத்து, பாட்டைப் போட்டுவிட்டு, அது முடியும்வரை பேசிக்கொண்டே இருப்பார். நடுநடுவே 'கேட்டீங்களா?' என்று வேறு கேட்பார். எங்கே கேட்பது?

கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இந்த இனத்தின் முழு வளர்ச்சியைப் பார்க்கலாம். பெயர் ஜெகதீசன். சிறுசேரியில் மென்பொருள் வேலை, பத்துப் பேருக்குத் தலைவர். மாமல்லபுரத்தில் ஒரு வெள்ளைக்காரர் லாட்ஜைக் காலி செய்தபோது விட்டுப்போன பழைய இசைத்தட்டு ஒன்று எட்டு வருடத்துக்கு முன்னால் இவர் கைக்கு வந்தது. யாரோ ஒருவர் ஒற்றை கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, தானே எழுதிய பாட்டுகளைத் தானே பாடுகிறார். ஐம்பது வருடத்துச் சரக்கு. பாடகர் பெயரை நான் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களுக்கும் ஜெகதீசன் வீட்டிலிருந்து அழைப்பு வந்துவிடும்.

போனால் என்ன நடக்கும்? முதலில் மின்விசிறி நிற்கும். கம்பியில் விரல் உரசும் ஓசை காற்றோடு போய்விடுமாம். அடுத்து சமையலறையில் குக்கர் இறங்கும். பிறகு அவர் கையைக் கழுவி, துடைத்து, தட்டை உறையிலிருந்து இரண்டு உள்ளங்கைகளாலும் எடுத்து, முள்ளை மெல்ல வைத்து, பாட்டு ஆரம்பித்ததும் சுட்டுவிரலைத் தூக்குவார்.

"இரு, இரு. இப்ப வருது பாரு."

வருவது பாடகர் குரல் அல்ல, அவர் குரல். பாடகரின் காதல் முறிந்த கதை, கிடாரின் மரம் எந்த மரம், போனில் பாட்டுக் கேட்பவர்கள் ஏன் மனிதரே அல்லர் என்பதெல்லாம் வரும். மூன்றாவது பாட்டில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும்போது மட்டும் அவர் கண் கலங்கிவிடும்.

"கேட்டியா? மோதிரம்! கல்யாண மோதிரம் கிடார்ல படுது. அந்த வாரம்தான் அவரு பொண்டாட்டி வுட்டுட்டுப் போச்சு. மொத ரெண்டு வருஷம் எனக்கே இது கேக்கல. கேக்கக் கேக்கத்தான் காது தொறக்கும்."

கேட்டவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். ஆனால் எட்டு வருடத்தில் ஒருவர்கூட இரண்டாம் முறை வரவில்லை. ஒருவருக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், ஒருவருக்கு ஊரில் காதுகுத்து. சிரிக்காதீர்கள், ஜெகதீசனுக்கு அது உண்மையிலேயே வலித்தது. இவ்வளவு நல்ல பாட்டைச் சேர்ந்து கேட்க உலகத்தில் ஒரு துணை இல்லையா என்று ஏங்கினார்.

கடைசி நம்பிக்கை ஆல்வின். அலுவலகத்தில் புதிது, செங்கல்பட்டுப் பையன், சர்ச்சில் கிடார் வாசிப்பவன். இவனும் போய்விட்டால் இனி அழைக்க ஆளே இல்லை. ஞாயிறு மதியம் வருவதாகச் சொல்லியிருந்தான். அன்று காலையில் பார்த்து ஜெகதீசனின் கடைவாய்ப் பல் உயிரை எடுத்தது. ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்கத் திரும்பினால், வாசலில் ஆல்வின் நிற்கிறான்.

"வாய்ல பஞ்சு கீது தம்பி," என்றார் மனைவி ரேணுகா. "ஒரு மணி நேரம் வாயத் தொறக்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க. நீ உக்காரு, ரெக்கார்டு ஓடட்டும்."

ஓடியது. ஜெகதீசன் விரலைத் தூக்கினார். விரலுக்குப் பின்னால் சொல் வரவில்லை. உம்ம், உம்ம் என்றார். ரேணுகா முறைத்தார். விரல் இறங்கியது. இரண்டாவது பாட்டில் வேறு வழியில்லாமல் கேட்க ஆரம்பித்தார். பாடகர் வரிக்கு முன்னால் மூச்சிழுப்பது கேட்டது. நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு பாட்டு முடிந்த இடத்தில் பாடகர் தனக்குள் லேசாகச் சிரிப்பதுகூடக் கேட்டது. எட்டு வருடமாக அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார், இவருக்குத் தெரியவே தெரியாது. மொச்சை உரித்துக்கொண்டிருந்த ரேணுகாவின் கை நின்றிருந்தது. ஜெகதீசனுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

முள் எழுந்ததும் ஆல்வின் நீளமாக மூச்சு விட்டான். "செம ண்ணா! மூணாவது பாட்டுல மட்டும் ஒரு கீறல் கீது. டக்குன்னுது."

ஜெகதீசனின் கண்கள் பிதுங்கின. மோதிரம் என்று சொல்லப் பஞ்சு விடவில்லை.

"அது நான்தான் தம்பி," என்றார் ரேணுகா. "ஆறு வருஷம் முன்ன ஆயுத பூஜைக்குத் தொடைக்கசொல்ல, கைபட்டு முள்ளு வழுக்கிச்சு. அன்னிக்கே சொல்லலாம்னு வந்தேன். எங்க பேச வுட்டாரு? மோதிரம், பொண்டாட்டின்னு அழுதுகினு இருந்தாரு. சரி, நல்லாதானே கீதுன்னு வுட்டுட்டேன்."

ஆல்வின் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தான். வாசல்வரை போய்த் திரும்பினான்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வரட்டா ண்ணா? இன்னொரு பக்கம் கேக்கணும்."

இந்த ஒரு கேள்விக்காக எட்டு வருடம் காத்திருந்தவர் ஜெகதீசன். மணி பார்த்தார். ஒரு மணி நேரம் முடிந்திருந்தது. பஞ்சை எடுத்தார். 'வா' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிட வேண்டும் என்று மனதாரத் தீர்மானித்தார்.

"வா ஆல்வின். கண்டிப்பா வா. ஆனா அந்தப் பக்கத்து மொத பாட்டக் கேக்கறதுக்கு முன்னாடி நீ ஒண்ணு தெரிஞ்சிக்கணும். அந்த கிடார் இருக்குதே..."

மூன்று மாடியும் இறங்கி, ஷேர் ஆட்டோ கிளம்பும்வரை அவர் கூடவே போய்ச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஆல்வின் வந்தானா? வந்தான். கையில் ஒரு பொட்டலம் கமர்கட். கடித்தால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் அரை மணி நேரத்துக்குப் பிரியாத நல்ல செங்கல்பட்டுக் கமர்கட்.

"அண்ணனுக்கு" என்று நீட்டினான்.

"பல்லு புடுங்காத பக்கமா ரெண்டு போட்டுக்கோங்க," என்றார் ரேணுகா, மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தபடி.

நல்லது. இப்போது ஒன்று சொல்லுங்கள். இதைப் படிக்கும்போது பக்கத்தில் தன்பாட்டுக்கு இருந்தவரை உலுக்கி, 'இங்க பாரேன், இப்ப ஒரு இடம் வருது' என்று எத்தனை முறை சொன்னீர்கள்? பொட்டலத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது. வாயைத் திறவுங்கள்.