ஐந்நூறு வாட்டும் என் நன்னடத்தையும்

அந்தச் சனிக்கிழமை காலை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கறிவேப்பிலை வாங்க வேண்டும்.

வீட்டிலிருந்து பாபகூராவில் உள்ள இந்தியக் கடைக்கு எலக்ட்ரிக் சைக்கிளில் எட்டு நிமிடம். போக எட்டு, வர எட்டு, கடையில் பத்து. புளியைக் கரைத்து அடுப்பில் வைத்துவிட்டு, தாளிப்பதற்குள் வந்துவிடுவேன் என்று கணவரிடம் சொல்லிக் கிளம்பினேன்.

வண்டி வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. வாரநாட்களில் அதை ரயிலில் ஏற்றி, எல்லர்ஸ்லியில் இறங்கி, அலுவலகம் போவேன். கைப்பிடியில் ஓர் ஆக்சிலேட்டர் உண்டு. கட்டைவிரலால் அழுத்தினால் பெடலை மிதிக்காமலே வண்டி போகும். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வாய்த்த ஒரே ஆடம்பரம் அதுதான்.

என் தொழிலையும் இங்கே சொல்லியாக வேண்டும். உணவுப் பொருள் தயாரிக்கும் நிறுவனத்தில் லேபிள் சரிபார்ப்பவள் நான். பாக்கெட்டுக்குள் இருப்பதும் பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. பிறர் ஒட்டிய லேபிளில் தப்புக் கண்டுபிடித்தே இருபது வருடம் பிழைத்திருக்கிறேன்.

அப்போது நானும் கணவரும் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். மகள் பக்கத்து நாட்டில், மெல்பர்னில் இருக்கிறாள். செப்டம்பரில் அவளுக்குப் பிரசவம். இந்த நாட்டுப் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டால், விசாவுக்கு அலையாமல் போய், வேண்டிய மட்டும் அவளோடு இருக்கலாம்.

விண்ணப்பத்தில் நன்னடத்தை என்று ஒரு பகுதி உண்டு. விண்ணப்பித்த பிறகு அதில் ஏதாவது மாறினால் தெரிவிக்க வேண்டுமாம். அந்த வரியை நகலெடுத்து, அடிக்கோடிட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். பால் எடுக்கும்போதெல்லாம் கணவர் அதைப் படித்தாக வேண்டும்.

கறிவேப்பிலை கிடைத்தது. பிரச்சினை கடைக்கு வெளியே நின்றிருந்தது. சிவமலர் அக்கா.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கிறார். என் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"பெடல் மிதிக்காமல் வாறதைப் பாத்தனான். இதென்ன, மோட்டச்சைக்கிளோ?"

"சைக்கிள்தான்க்கா. எலக்ட்ரிக்."

"லண்டனிலை என்ரை தம்பியும் உதுமாதிரி ஒண்டு வாங்கினவன். உந்த அமத்திற சாமானுக்காகப் பொலிஸ் மறிச்சு, சைக்கிளையே பறிச்சுக்கொண்டு போட்டாங்கள்."

"அது லண்டன் சட்டம்க்கா. இங்க ஆக்சிலேட்டர் இருக்கலாம். மோட்டார் முந்நூறு வாட்டுக்குள்ள இருக்கணும், அவ்வளவுதான். என்னோடது இருநூத்தம்பது."

"ஆர் சொன்னது?"

"லேபிள்ல இருக்கு."

"காட்டும், பாப்பம்."

இந்த இடத்தில் "நேரமாச்சு, வரேன்க்கா" என்று நான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் லேபிளைக் காட்டு என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. பெருமையோடு குனிந்து, இருக்கைக்குக் கீழே உள்ள லேபிளைக் காட்டினேன். அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

"ஓம், இருநூற்றைம்பதுதான். அப்ப மற்றது?"

"எது மத்தது?"

அவர் பின்சக்கரத்தின் நடுவைக் காட்டினார். மோட்டார் இருக்கும் இடம். மூன்று மாதச் சேறு அங்கே காய்ந்திருந்தது. கடை ரசீதால் துடைத்தேன். உள்ளே இன்னொரு லேபிள். அதிகபட்சம் ஐந்நூறு வாட்.

"முந்நூறு எண்டெல்லோ சொன்னனீர்?" என்றார் அக்கா, மிகவும் மென்மையாக.

மறுபடி துடைத்துப் பார்த்தேன். ஐந்நூறுதான்.

"நான் ஒருத்தரிட்டையும் கதைக்கமாட்டன்" என்று என் தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார். அக்கா அப்படிச் சொன்ன செய்தி வழக்கமாக மதியத்துக்குள் நகரத்தின் மறுகோடியில் உள்ள ஹென்டர்சன் வரை போய்விடும்.

முந்நூறைத் தாண்டினால் இந்த ஊரில் அது சைக்கிள் இல்லை. மொபெட் மாதிரி. பதிவு வேண்டும், நம்பர் பிளேட் வேண்டும், லைசென்ஸ் வேண்டும். என்னிடம் இருந்தது கறிவேப்பிலை. மூன்று மாதத்தில் எத்தனை தடவை ஓட்டியிருப்பேன் என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். மழை நாளைக் கழித்து நூற்று முப்பத்தெட்டு. ஒவ்வொன்றும் தனித்தனிக் குற்றமா, தொடர் குற்றமா என்பது தெரியவில்லை.

கணவரை அழைத்தேன்.

"ஏங்க, நான் மூணு மாசமா சட்டத்தை மீறிட்டு இருக்கேன்."

"கறிவேப்பிலை கிடைச்சுதா?"

விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"யாருக்குத் தெரியப் போகுது, ராஜி?"

"எனக்குத் தெரியுதே. சிவமலர் அக்காவுக்கும் தெரியும்."

"அப்ப கஷ்டம்தான்" என்றார். "வண்டியை அங்கயே பூட்டு. நான் கார் எடுத்துட்டு வரேன்."

"வேண்டாம். பேட்டரியைக் கழட்டிட்டா அது வெறும் சைக்கிள். மிதிச்சுட்டே வந்துடறேன்."

"அது இருபத்தேழு கிலோ."

"சட்டத்துல எடைக்கு வரம்பு இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பேட்டரியைக் கழற்றித் தோள்பையில் போட்டேன். கறிவேப்பிலை நசுங்காமல் அதன் மேல் வைத்தேன். மிதிக்கத் தொடங்கினேன்.

அந்தத் தெரு ஏற்றம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. மோட்டாரோடு போனபோது அது சமதளமாகத்தான் இருந்தது. நூறு மீட்டர் போவதற்குள் என் பின்னால் நான்கு கார்கள் சேர்ந்துவிட்டன. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. அந்த மரியாதை இன்னும் பதற்றத்தைக் கொடுத்தது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்வதும் குற்றமாக இருக்கக்கூடும் என்று தோன்றியது. பத்திரமாக இருக்கட்டும் என்று வண்டியை நடைபாதையில் ஏற்றி, அங்கே மிதித்தேன்.

குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் என்னை முந்திப் போனார். போகும்போது "ஸாரி" என்றார்.

அடுத்து வந்தது போலீஸ் கார். எனக்குச் சற்று முன்னால் நின்றது. இறங்கியவர் பசிபிக் தீவுக்காரர். கதவை முழுதாகத் திறந்தால்தான் வெளியே வர முடிகிற உருவம். அவர் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன்.

"ஆண்ட்டி, உடம்புக்கு ஒன்றுமில்லையே? ரொம்ப மூச்சு வாங்குகிறதே."

"நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்" என்றேன்.

அவர் பார்வை என் பையின் மேல் விழுந்தது. கறுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"பையில் என்ன?"

"பேட்டரி. அதன் மேல் கறிவேப்பிலை."

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இரண்டு லேபிள், நூற்று முப்பத்தெட்டு தடவை, மகளின் பிரசவம், குடியுரிமை. அவர் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை.

"உங்கள் மேல் யாராவது புகார் கொடுத்தார்களா?"

"இல்லை."

"யாரையாவது இடித்தீர்களா?"

"இல்லை."

"பிறகு ஏன் ஆண்ட்டி என்னிடம் சொல்கிறீர்கள்?"

"நீங்கள் போலீஸ்" என்றேன். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவர் வண்டியை ஆசையோடு பார்த்தார். தன் மனைவியும் ஒன்று கேட்டுக்கொண்டிருப்பதாகவும், கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாமா என்றும் கேட்டார்.

"பதிவில்லாத வண்டியைத் தெருவில் ஓட்ட நான் அனுமதிக்க முடியாது."

ஒரு போலீஸ்காரரிடம் நான் சொன்ன வாக்கியம் இது. அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்த சர்ச் ஒன்றைக் காட்டினார். அதன் கார் நிறுத்துமிடம் காலியாக இருந்தது. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவரிடம் போய் அனுமதியும் கேட்டு வந்தார்.

பேட்டரியை மாட்டினேன். ஹெல்மெட் போட்டால்தான் வண்டி தருவேன் என்றேன். என் ரோஜா நிற ஹெல்மெட் அவர் தலைமேல் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி நின்றது. அவருடைய தொப்பியை நான் பிடித்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்ததும் வண்டி ஒரு சத்தம் போட்டது. மூன்று மாதத்தில் நான் கேட்டிராத சத்தம்.

ஆக்சிலேட்டரை அழுத்தினார். வண்டி சற்று யோசித்துவிட்டுப் புறப்பட்டது. சமதளத்தில் மரியாதையாகப் போனது. சிறிய ஏற்றம் வந்ததும் வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது, பிறகு நின்றே போனது. காலை ஊன்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரத்தில் சிவமலர் அக்காவின் கார் மெதுவாக வந்தது. கண்ணாடி இறங்கியது. என் கையில் போலீஸ் தொப்பி. என் வண்டியில் என் ஹெல்மெட்டோடு போலீஸ்காரர். கண்ணாடி மறுபடி ஏறியது. கார் போய்விட்டது.

"இது ஐந்நூறு வாட் கிடையாது ஆண்ட்டி" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார் அவர். "என் அம்மாவின் பிளெண்டருக்கு இதைவிடச் சக்தி உண்டு."

என் வண்டியைக் குற்றத்திலிருந்து விடுவித்தவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. "நீங்கள் எத்தனை கிலோ?" என்று கேட்டேன்.

"நூற்று முப்பத்தைந்து."

"பிளெண்டரில் நீங்கள் உட்கார்ந்து பார்த்ததில்லை."

அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு, வாட்டை அளக்கும் கருவி தன்னிடம் இல்லை, விற்றவர்களுக்கு எழுதிக் கேளுங்கள், தன்னைப் பொறுத்தவரை இதில் வழக்கு எதுவும் இல்லை என்றார்.

"அதை எழுதித் தர முடியுமா? விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும்."

"நடக்காத குற்றத்துக்கு எங்களிடம் படிவம் இல்லையே."

"எதற்குத்தான் படிவம் இருக்கிறது?"

"நடந்த குற்றத்துக்கு." சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "உள்ளதைச் சொன்னால், நடைபாதையில் ஓட்டினீர்களே, அதுதான் தப்பு. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்."

சர்ச் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். "அது சட்டமீறலா?"

"மிகச் சின்னது. விடுங்கள் ஆண்ட்டி."

"பார்த்ததைப் பார்க்கவில்லை என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்? எழுதுங்கள்."

"வேண்டாம் ஆண்ட்டி. நிஜமாகவே வேண்டாம்."

பத்து நிமிடம் வாதாடினேன். கடைசியில் எழுதினார். அபராதச் சீட்டைக் கேட்டு வாங்கிய ஆளைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். சம்பவம் நடந்த நேரத்தை ஐந்து நிமிடம் தள்ளிப் போட்டிருந்தார். திருத்தச் சொன்னேன். திருத்திவிட்டு, வேறு எதையும் ஒப்புக்கொள்வதற்குள் காரில் ஏறிப் போய்விட்டார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். கணவர் கறிவேப்பிலை இல்லாத ரசத்தைச் சாப்பிட்டு முடித்திருந்தார். சீட்டை நீட்டினேன்.

"குற்றமில்லைன்னு எழுதி வாங்கப் போயி, குற்றம்னு எழுதி வாங்கிட்டு வந்திருக்க."

"தேதி, நேரத்தோட" என்றேன்.

சாயங்காலம் சிவமலர் அக்கா ஒரு பெட்டி நிறையப் புட்டோடு வந்தார். "விட்டிட்டாங்களோ?" என்று மெல்லக் கேட்டார். "ஒண்டுக்கும் பயப்பிடாதையும். எங்கட ஆக்களிலை ஒரு நல்ல லோயர் இருக்கிறார்."

திங்கட்கிழமை வண்டி விற்றவர்களிடமிருந்து பதில் வந்தது. இந்த நாட்டுக்கு வரும் வண்டிகள் எல்லாமே முந்நூறு வாட்டைத் தாண்டாதபடி கட்டுப்படுத்தி அனுப்பப்படுபவைதானாம். மோட்டாரில் இருப்பது வேறு நாட்டு லேபிள். மாற்ற மறந்துவிட்டார்களாம். லேபிளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று முடித்திருந்தார்கள். இதை எழுதியவர் என் அலுவலகத்தில் ஒரு நாள் தாங்கமாட்டார்.

ஆக, நூற்று முப்பத்தெட்டு தடவையும் நான் சட்டப்படிதான் போயிருக்கிறேன். சட்டத்துக்குப் பயந்து பேட்டரியைக் கழற்றிய அந்தக் கால் மணி நேரத்தில்தான் மீறியிருக்கிறேன்.

அபராதத்தைக் கட்டினேன். குடியுரிமை அலுவலகத்துக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினேன். லேபிள்களின் படங்கள், விற்றவர்களின் பதில், அபராதச் சீட்டு, கட்டிய ரசீது, நடைபாதையில் போன தூரத்தை அளந்து நானே வரைந்த படம் எல்லாவற்றையும் இணைத்தேன். இரண்டு வரியில் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, இத்தகைய விவரங்களை அனுப்ப வேண்டியதில்லை. அப்படியானால் எத்தகைய விவரங்களை அனுப்ப வேண்டும் என்று கேட்டு இன்னொரு கடிதம் எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

மூன்றாவது வாரம் எங்கள் இருவருக்கும் குடியுரிமை கிடைத்துவிட்டது. செப்டம்பருக்கு நிறைய நாள் இருந்தது. மகளிடம் ஃபோனில் சொல்லிவிட்டு இருவரும் கொஞ்சம் அழுதோம்.

"நன்னடத்தைக்காகக் கொடுத்ததுன்னு நினைக்காத" என்றார் கணவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீ கடிதம் எழுதுறது நிக்கணும்னு கொடுத்திருக்காங்க."

அது உண்மைதானா என்று கேட்டு எழுதலாமா என யோசித்துக்கொண்டிருக்கிறேன்.