பன்றிக்கும் எனக்கும் ஒரே எடை

மதிப்பிற்குரிய பள்ளி மாவட்டத் தலைமை அதிகாரி டாக்டர் ஸ்டோலி அவர்களுக்கு,

எல்ம்ஃபோர்க் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் கென்னா ஹாட்கேயின் தந்தை வெர்லின் ஹாட்கே பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் இந்தக் குளிரில் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமல் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நான் நலமாக இல்லை. அதற்குத் தங்கள் இயந்திரமே காரணம்.

பள்ளி கொடுத்த லேப்டாப்பில் பிள்ளைகள் எழுதுவதையெல்லாம் ஓர் இயந்திரம் படிக்கும், ஆபத்தாக ஏதாவது கண்ணில் பட்டால் பெற்றோரின் போனுக்குச் செய்தி அனுப்பும் என்று ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் சொன்னீர்கள். நானும் கை தட்டினேன். படிவத்தில் 'முதலில் அழைக்க வேண்டியவர்' என்ற கட்டத்தில் என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். விவாகரத்துக்குப் பிறகு நான் தொண்ணூறு மைல் தள்ளி ஒரு தானியக் கிடங்கில் லாரிகளை எடை போட்டுக்கொண்டிருப்பதும், கென்னாவின் அம்மா டாம்ரா பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பதும் தெரிந்தேதான் எழுதினேன். ஒரு கட்டத்திலாவது அவளுக்கு முன்னால் என் பெயர் இருக்கட்டுமே என்ற வீம்பு. அந்த வீம்புக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

முதல் செய்தி செப்டம்பரில் வந்தது. 'வியாழக்கிழமை கொல்ல ஏற்பாடு ஆகிவிட்டது. அவன் இப்போது இருநூற்று எண்பது பவுண்ட். முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, ஆனால் இதற்குத்தானே வளர்த்தோம்' என்று என் மகள் எழுதியிருக்கிறாள். ஐயா, அதற்கு முந்தின நாள்தான் லாரி வராத நேரத்தில் எடை மேடையில் நானே ஏறி நின்று பார்த்திருந்தேன், இருநூற்று எண்பது. எங்கள் குடும்பத்தில் அந்த எடையில் இருக்கும் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். யார் யாரை வளர்த்தது என்றுகூட யோசிக்காமல், மக்காச்சோளம் ஏற்றிய பதினோரு லாரிகளை வரிசையில் நிற்க விட்டுவிட்டு, தொண்ணூறு மைலையும் ஒரே மூச்சில் ஓட்டி, தங்கள் பள்ளி அலுவலகத்துக்குள் 'என் பொண்ணு எங்கே, அவளை யாரும் கைது பண்ணாதீங்க' என்று கத்திக்கொண்டு நுழைந்தது நான்தான். அலுவலகத்து ஜோலின் அம்மா பயந்துபோய்க் கதவைப் பூட்டினார். சத்தம் கேட்டுக் கென்னா வகுப்பிலிருந்து வந்தாள்.

"அப்பா, அது பன்னி. கண்காட்சிக்கு வளர்த்தோம்ல, அதுக்கு நோட்டு எழுதணும். அதுல எழுதினது."

"எடை போட்டிருந்துச்சே?"

"பன்னியோட எடைப்பா. உங்களோடது யாருக்குத் தெரியும்?"

பன்றி வளர்க்காத வீடு பாதிகூட இல்லாத ஊரில், பன்றிக் கணக்கு நோட்டைப் படிக்கத் தெரியாத இயந்திரத்தை வாங்கி வைத்தது யார் யோசனை என்று அறிய விரும்புகிறேன்.

இரண்டாவது செய்தி நவம்பரில். 'சனிக்கிழமை விடியுமுன் துப்பாக்கியோடு கிளம்புகிறோம், திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது' என்று இருந்தது. மான் வேட்டை தொடங்கும் நாளுக்காகச் சேர்ந்திசைப் பயிற்சிக்கு வர முடியாது என்று பாட்டு டீச்சருக்கு எழுதிய விடுப்புக் கடிதம் அது. இந்த முறை எனக்கே பாதி விளங்கிவிட்டது, ஆனாலும் ஓட்டிக்கொண்டு போனேன். அதில் 'கிளம்புகிறோம்' என்று இருந்ததே, யாரோடு? டாம்ராவின் புதுக் கணவர் கிரெய்கோடு. என் மகள் வேறொருவரோடு மானுக்குப் போகிறாள் என்ற சேதியை எனக்குச் சொல்ல அந்த ஊரில் ஒரு மனிதரும் இல்லை, தங்கள் இயந்திரம்தான் சொன்னது. வயிறு எரிந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எரிந்தது.

மூன்றாவது, நன்றி சொல்லும் திருநாள் கழிந்த மறு வாரம். 'இதை நிறுத்தினால் நான் செத்துவிடுவேன், என்னோடு இன்னும் நாற்பது பேர் சாவார்கள்.' பள்ளிச் சாப்பாட்டில் சில்லி என்கிற கறி-பீன்ஸ் குழம்போடு கொடுக்கும் இனிப்பு ரொட்டியான சினமன் ரோலை நிறுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிய மனு! நான் போய்ச் சேர்ந்தது மதியச் சாப்பாட்டு நேரம். சமையல்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு தட்டு கொடுத்தார். அந்தக் குட்டி பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, கென்னாவுக்கு எதிரே, ரோலைச் சில்லியில் தோய்த்துச் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த தோழி கேட்டாள்.

"யாருடி இவரு?"

"எங்கப்பா. மெஷின் கூப்பிட்டா வருவாரு."

அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னைக்கு எந்த வார்த்தைப்பா?" என்றாள். சொன்னேன். மூக்கில் சில்லி ஏறும் அளவுக்குச் சிரித்தாள். தன் ரோலில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள்.

அது கிடக்கட்டும். கிடங்கு மேனேஜர் என்னிடம், "வெர்லின், லாரியை நிறுக்க வந்தியா, ரோட்டை அளக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டார். இது இப்படியே போனால் வேலை நிலைக்காது. ரோல் சாப்பிட்ட அன்றைக்கே ஜோலின் அம்மாவிடம் சத்தம் போட்டேன், இப்போது எழுத்திலும் கேட்கிறேன். என் பெயரை எடுத்துவிட்டு, கிரெய்க் பெயரைப் போடுங்கள். அவர் மூன்று நிமிடத்தில் வந்துவிடுவார். நல்ல மனிதர் என்றும் சொல்கிறார்கள்.

தங்களுக்கும் ஆசிரியர்களுக்கும், குறிப்பாகச் சமையல்கார அம்மாவுக்கும், எல்லா நன்மையும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வெர்லின் ஹாட்கே

பின்குறிப்பு: தபால் தலை இல்லாததால் இந்தக் கடிதம் என் வண்டியிலேயே கிடந்துவிட்டது. இன்றோடு பத்தொன்பது நாள். இத்தனை நாளில் ஒரு செய்திகூட இல்லை. போன் கெட்டுவிட்டதோ என்று கிடங்கிலிருந்து எனக்கு நானே அழைத்துப் பார்த்தேன். மணி அடித்தது. நேற்று ஜோலின் அம்மாவிடம் கேட்டேன்.

"நீங்க போட்ட சத்தத்துல மெஷினுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துட்டோம் சார். பன்னி, மானு, ரோலு, எதுக்கும் இனிமே உங்களைக் கூப்பிடாது. நிம்மதியா இருங்க."

"கென்னா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா சார். அதனாலதானே மெசேஜ் வரல."

அவள் நன்றாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். நன்றாக இருந்தால் எனக்குச் சேதி வராது என்பதைத்தான் படிவத்தில் என் பெயரை எழுதும்போது யோசிக்கவில்லை. எனக்கென்று நீதிமன்றம் ஒதுக்கிய ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வாலிபால் இருக்கிறது. எனவே ஐயா, மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். கிரெய்க் பெயரைப் போட வேண்டாம். இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் மறக்க வைத்துவிடுங்கள். அது பன்றிதான் என்று தெரிந்தாலும் வருவேன்.